குற்றம் தொடங்கிய வாசலில்: நாஜிகள் கொன்றவர்களைத் தெருவாசிகள் நினைவுகூரும் விதம்

பெர்லின் யூதர்களை நாடுகடத்த ரயிலேற்றுவதற்கு முன் நாஜி அரசு அவர்களிடம் 16 பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னது. வீட்டில் எத்தனை நாற்காலி, எத்தனை மெத்தை விரிப்பு, எத்தனை சட்டி, வங்கியில் எவ்வளவு பணம் என்று ஒன்று விடாமல் அவரவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1941 நவம்பர் 25 அன்று ஓர் ஆணை வந்தது. நாட்டின் எல்லைக்கு வெளியே வசிக்கும் யூதர் ஜெர்மன் குடியுரிமையை இழப்பார், அவருடைய உடைமைகள் அரசுக்குச் சேரும் என்றது அந்த ஆணை. அவர்களைப் பிடித்து எல்லைக்கு வெளியே அனுப்பியதே அந்த அரசுதான். ரயில் எல்லையைத் தாண்டியதும் நாற்காலியும் சட்டியும் சட்டப்படி அரசுடையவை ஆகிவிட்டன.

அந்தப் படிவங்களில் ஏராளமானவை அழியாமல் போட்ஸ்டாமில் உள்ள பிராண்டன்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்று அவற்றைக் கேட்டு வாங்கிப் படிப்பவர்களில் வரலாற்று ஆய்வாளர்கள் மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பள்ளி மாணவர்கள், அந்த யூதர்கள் வாழ்ந்த கட்டடங்களில் இப்போது வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் என்று பலரும் வருகிறார்கள். தங்கள் வீட்டிலிருந்து அன்று யாரைக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக வருகிறார்கள். தேடி முடித்ததும் அந்த வீட்டு வாசலுக்கு எதிரே, நடைபாதையில், உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு ஒன்றைப் பதிக்க ஏற்பாடு செய்கிறார்கள்.

ஜெர்மன் மொழியில் அதற்கு ஸ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர். தடுக்கும் கல் என்று சொல்லலாம். ஜெர்மனியில் வாழும் தமிழர்கள் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிற வழியில் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் கனசதுரமான கான்கிரீட் கட்டை, அதன் தலையில் பித்தளைத் தகடு, தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். எழுதியிருப்பது கொஞ்சம்தான். 'இங்கே வாழ்ந்தார்' என்பது முதல் வரி. பிறகு பெயர், பிறந்த ஆண்டு, எந்த ஆண்டு எங்கே கொண்டுபோகப்பட்டார், என்ன ஆனார். பெரும்பாலான கற்களில் கடைசி வரி 'கொல்லப்பட்டார்' என்று முடியும். 2023 மே 26 அன்று நியூரம்பெர்கில் 1,00,000ஆவது கல் பதிக்கப்பட்டது. அது ஒரு தீயணைப்பு வீரருக்கான கல். பெர்லினில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

பெர்லினின் நடுவே, நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தள்ளி, கொல்லப்பட்ட யூதர்களுக்கான தேசிய நினைவிடம் இருக்கிறது. பீட்டர் ஐஸன்மன் வடிவமைத்தது, 2005இல் திறக்கப்பட்டது, 2,711 கான்கிரீட் தூண்கள். அது தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாடு தன் தலைநகரின் நடுவில் தன் குற்றத்தை ஒத்துக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அங்கே நாம் புறப்பட்டுப் போக வேண்டும். பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். குற்றமோ அப்படி ஓர் இடத்தில் நடந்ததல்ல. ஒவ்வொரு தெருவிலும், படிக்கட்டில், பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொடங்கியது. அதனால் நினைவும் அந்த வாசலில்தான் இருக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர்களும் அந்தத் தெருவில் இப்போது வசிப்பவர்கள்தான் என்று நான் நம்புகிறேன். இந்தச் சின்னக் கற்களைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

தொடங்கியவர் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர். 1947இல் பெர்லினில் பிறந்தவர், பல ஆண்டுகள் கொலோன் நகரில் வேலை செய்தவர். 1940 மே மாதம் கொலோனிலிருந்து, ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைத்த சிந்தி, ரோமா மக்களில் சுமார் ஆயிரம் பேரை நாஜிகள் நாடுகடத்தினார்கள். பின்னால் யூதர்களை அனுப்பியதற்கு அது ஒத்திகை மாதிரி அமைந்தது. அதன் ஐம்பதாவது ஆண்டில், 1990இல், அந்த மக்கள் நடத்திச் செல்லப்பட்ட பாதை நெடுக டெம்னிக் சக்கரம் ஒன்றை உருட்டிச் சாயத்தால் எழுத்துகளை அச்சிட்டுக்கொண்டே போனார். சாயம் மங்கிய பிறகு சில இடங்களில் அதை நிரந்தரமாகப் பதிக்கப் போனபோது வயதான பெண்மணி ஒருவர் வந்து, எங்கள் பேட்டையில் ஜிப்சிகள் யாரும் இருந்ததே இல்லையே என்றாராம். அந்தம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரியாது என்பது டெம்னிக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்தது. அண்டைவீட்டாராக வாழ்ந்தவர்கள் அப்படி இருந்த சுவடே தெரியாமல் போயிருந்தார்கள். முகாமில் நடந்த கொலையைப் பற்றி உலகத்துக்குத் தெரியும். அவர்கள் இந்தத் தெருவில் பால் வாங்கியது, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது இந்தத் தெருவுக்கே தெரியவில்லை.

1992 டிசம்பர் 16 அன்று முதல் கல்லை கொலோன் நகர மண்டபத்துக்கு முன் பதித்தார். சிந்தி, ரோமா மக்களை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பச் சொல்லி நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹைன்ரிக் ஹிம்லர் உத்தரவிட்டு அன்றோடு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உத்தரவின் தொடக்க வாசகமே அந்தக் கல்லில் இருக்கிறது. பெயர் தாங்கிய கற்களை 1994இல் கொலோனில் ஒரு தேவாலயத்தில் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் சிலவற்றைத் தெருவில் பதித்தார், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1996இல் பெர்லினின் க்ராய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஐம்பதுக்கு மேற்பட்ட கற்கள், அதுவும் அனுமதி இல்லாமல். முறையான அனுமதியோடு முதலில் பதித்தது 1997இல், ஆஸ்திரியாவில், ஸால்ஸ்பர்க் அருகே ஒரு சிற்றூரில். அங்கே கொல்லப்பட்டிருந்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கொலோன் நகராட்சி சம்மதிக்க 2000ஆம் ஆண்டு ஆனது. அதற்குப் பிறகு இது ஒரு தனிமனிதரின் கலைப் படைப்பாக இருந்த நிலை போய், ஊர் ஊராகக் குழுக்கள் கிளம்பின.

எந்த வாசலில் பதிப்பது என்பதில் ஒரு விதி இருக்கிறது. அவர் விரும்பித் தேர்ந்தெடுத்துக் குடியிருந்த கடைசி வீடு எதுவோ அங்கே. ரயிலேறும் முன் கடைசியாக இருந்த வீட்டை ஏன் எடுத்துக்கொள்வதில்லை என்று தோன்றலாம். 1939 ஏப்ரல் 30 அன்று வந்த ஒரு சட்டம் யூத வாடகைதாரர்களுக்கு இருந்த பாதுகாப்பைப் பறித்தது. வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றலாம். வெளியேறியவர்களை மற்ற யூதக் குடும்பங்களோடு ஒரே வீட்டில் அடைக்கலாம். 'யூத வீடு' என்றே அதிகாரிகள் அவற்றை அழைத்தார்கள். மூன்று அறைகளில் மூன்று நான்கு குடும்பங்கள். பலரும் அங்கிருந்துதான் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த முகவரி அரசு தந்த முகவரி. ஆகவே அதற்கு முன்னால் போய், அவர்களே பார்த்துப் பிடித்து, திரைச்சீலை மாட்டி, பெயர்ப்பலகை வைத்து வாழ்ந்த வீட்டைத் தேடுகிறார்கள்.

பெயரிலும் இதே கவனம் உண்டு. 1938 ஆகஸ்டில் வந்த ஓர் ஆணைப்படி, நாஜிகள் வெளியிட்ட பட்டியலில் இல்லாத பெயருள்ள யூத ஆண்கள் எல்லோரும் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் எல்லோரும் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1939 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஆவணங்களில் எல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே வரும். ஆஷ்விட்ஸில் அதுவும் போய்க் கையில் பச்சை குத்திய எண் மட்டும் மிஞ்சியது. கல்லில் அந்தத் திணித்த பெயரும் வராது, எண்ணும் வராது. பெற்றவர்கள் வைத்த பெயர் வரும். பெண்ணாக இருந்தால் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் வரும்.

தேடும் வேலைதான் இதில் மிகப் பெரியது. 1939 மே 17 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஒவ்வொருவரின் தாத்தா பாட்டிகளில் யார் யூதர் என்று தனி அட்டையில் எழுதி வாங்கினார்கள். ஆட்களைப் பிரித்து அடையாளம் காணக் கேட்ட தகவல் அது. இப்போது அதே அட்டைகளை வைத்துத்தான் யார் எந்த வீட்டில் இருந்தார் என்று கண்டுபிடிக்கிறார்கள். பழைய முகவரிப் புத்தகங்களைப் புரட்டுகிறார்கள். பாட் அரோல்சென் நகரில் உள்ள அரோல்சென் காப்பகத்தில் முகாம் பதிவேடுகள் உட்பட சுமார் 3 கோடி ஆவணங்கள் இருக்கின்றன. ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் என்ற யூதப் படுகொலை நினைவு நிறுவனத்தில், உறவினர்கள் இறந்தவரைப் பற்றி எழுதிக் கொடுத்த சாட்சிப் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தை நிரப்பிய அண்ணன் மகனோ தங்கை பேத்தியோ எங்கே இருக்கிறார் என்று தேடிக் கடிதம் எழுதுகிறார்கள். அர்ஜென்டினாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இஸ்ரேலிலிருந்தோ பதில் வரும். சில சமயம் வராது.

இந்த வேலையை ஹாம்பர்க் எடுத்துச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அங்கே 2002இல் பீட்டர் ஹெஸ் என்பவர் முன்கை எடுத்ததிலிருந்து இதுவரை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள். கல்லோடு நிறுத்தவில்லை. ரீட்டா பாக்கே, பெயாட்டே மெயர் ஆகிய இருவரின் பொறுப்பில், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் இருக்கும் வாழ்க்கையை எழுதுகிறார்கள். பேட்டைவாரியாகப் புத்தகங்கள் வந்தன, இணையத்திலும் படிக்கலாம். தெருப் பெயரைக் கொடுத்தால் அந்தத் தெருவில் யார் யார் என்று வரும். கல்லில் இருக்கும் ஏழெட்டு வரிக்குப் பின்னால் ஒரு தையல்காரர், ஒரு துறைமுகத் தொழிலாளி, கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பள்ளிச் சிறுமி தெரிய வருகிறார்கள்.

கல் ஒன்றுக்குப் பல ஆண்டுகளாக 120 யூரோ வாங்கினார்கள். யார் வேண்டுமானாலும் பொறுப்பேற்றுக் கட்டலாம். ஒரு வகுப்பு மாணவர்கள் சேர்ந்து கட்டுகிறார்கள், ஒரு கட்டடத்தின் குடியிருப்போர் சங்கம் கட்டுகிறது, ஒரு தேவாலயம் கட்டுகிறது. 2005 முதல் எழுத்துகளைப் பொறிப்பவர் மிக்காயேல் ஃப்ரீட்ரிக்ஸ்-ஃப்ரீட்லெண்டர் என்ற சிற்பி. பெர்லினில் உள்ள தன் பட்டறையில் ஒவ்வொரு எழுத்தையும் சுத்தியலால் அடித்தே இறக்குகிறார். இயந்திரத்தில் அச்சடித்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் தயாரித்துவிடலாம். டெம்னிக் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. கொலை தொழிற்சாலை முறையில் நடந்தது, நினைவும் அப்படி ஆகக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. இதனால் மாதத்துக்குச் சில நூறு கற்கள்தான் வரும். பெரிய நகரங்களில் விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லட்சம் கற்களுக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களுக்கு மட்டும் இதே வேகத்தில் பதித்தால் 1,800 ஆண்டுகள் பிடிக்கும். முடிக்க முடியாது என்று தெரிந்தே செய்கிறார்கள். சுத்தியல் அடிக்கும் அந்த வேலையில் ஒரு மனிதருக்கு அரைமணி நேரமாவது ஒதுக்கப்படுகிறது என்பதில் எனக்கு மரியாதை இருக்கிறது.

பதிக்கும் நாளில் பெரிய மேடை எதுவும் கிடையாது. நடைபாதையில் இரண்டு கற்களைப் பெயர்த்து, குழியில் புதுக் கல்லை இறக்கி, சுற்றிலும் மணலும் சிமென்டும் போட்டு அடைக்கிறார்கள். யாராவது அந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்கிறார்கள். உறவினர்கள் வந்திருந்தால் இறந்தோருக்கான யூதப் பிரார்த்தனையான கத்தீஷ் சொல்வார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் தாத்தா பாட்டியின் பெயரைச் சொல்லிப் பிரார்த்திக்க இந்த உலகத்தில் வேறு இடமே கிடையாது, கல்லறை என்று ஒன்று இல்லாததால்.

உயிர் தப்பியவர்களுக்கும் கல் உண்டு என்பது பலருக்கும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் ஆஷ்விட்ஸில் இறந்திருப்பார்கள். மகளை மட்டும் 1939இல், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற விட்ட 'பிள்ளைகள் ரயிலில்' இங்கிலாந்துக்கு அனுப்பியிருப்பார்கள். மூன்று கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். நாஜிகள் பிரித்த குடும்பம் வாசலிலாவது சேரட்டும் என்ற எண்ணம். ரயிலேற மறுத்து, கொண்டுபோகும் முன்னிரவே உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் கல்லில் 'சாவுக்குள் தப்பினார்' என்ற பொருளில் எழுதுகிறார்கள். தற்கொலை என்று வெறுமனே எழுதினால் அவரைத் தள்ளியவர்கள் மறைந்துபோவார்கள் என்பதால் அப்படி.

யூதர்களுக்கு அடுத்தபடியாக நிறையக் கற்கள் இருப்பது 'கருணைக் கொலை' என்ற பெயரில் அழிக்கப்பட்ட மனநோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். 1940, 1941 ஆண்டுகளில் ஆறு இடங்களில் நச்சுவாயு அறைகள் அமைத்து 70,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். வீட்டுக்கு நிமோனியா என்றோ குடல்வால் அழற்சி என்றோ பொய்க் கடிதம் போனது. போருக்குப் பிறகு பல குடும்பங்கள் அந்த அத்தையைப் பற்றி, அந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டன. குடும்பத்தில் மனநோய் இருந்தது என்று வெளியே தெரியக் கூடாது என்ற வெட்கம். பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு பள்ளி மாணவரோ காப்பகத்தில் கண்டெடுத்துச் சொன்ன பிறகுதான், எங்களுக்கு இப்படி ஓர் உறவினர் இருந்தாரா என்று பேரப்பிள்ளைகள் கேட்ட கதைகள் நிறைய உண்டு.

சில கற்கள் புதிய காயத்தையும் உண்டாக்கியிருக்கின்றன. எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்ற வரியில் நாஜி நீதிமன்றம் பயன்படுத்திய சொல்லையே மேற்கோள் குறிக்குள் போட்டு எழுதும் வழக்கம் டெம்னிக்குக்கு இருந்தது. 'வழக்கமான குற்றவாளி', 'இனக் கேடு' (யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் இடையிலான உறவுக்கு நாஜிகள் வைத்த பெயர்) என்கிற மாதிரிச் சொற்கள். கொலைகாரர்களின் பாஷையைக் காட்டிக்கொடுக்கிறேன் என்பது அவர் வாதம். ஆனால் ஹாம்பர்க்கில் ஒரு பெண்ணின் கல்லில் 'வழக்கமான குற்றவாளி' என்று இருந்ததைப் பார்த்து உறவினர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்று நினைக்கிறேன். நடந்துபோகிறவர் அந்த இரண்டு சின்னக் குறிகளைக் கவனிக்க மாட்டார், சொல்லைத்தான் படிப்பார். இப்படி 'சமூக விரோதி', 'தொழில்முறைக் குற்றவாளி' என்று முத்திரை குத்தி முகாமுக்கு அனுப்பப்பட்டவர்களை நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று ஜெர்மன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதே 2020 பிப்ரவரியில்தான். அதுவரை எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த முத்திரை அவர்கள் மேலேயே இருந்தது. அதையே பித்தளையில் மறுபடி பொறித்தால் குடும்பம் எப்படித் தாங்கும்?

இந்தக் கற்களுக்கு வந்த எதிர்ப்புகளில் மிகவும் கனமானது மியூனிக்கில் எழுந்தது. 2004இல் அந்த நகர மன்றம் பொது நடைபாதையில் இவற்றைப் பதிக்கத் தடை விதித்தது. முன்பே பதித்திருந்த இரண்டு கற்களைப் பெயர்த்தும் எடுத்தது. தடைக்கு முன்னால் நின்ற குரல் நாஜி ஆதரவாளருடையது இல்லை. மியூனிக் யூத சமூகத்தின் தலைவி ஷார்லோட்டே க்னோப்லோக்குடையது. 1932இல் அதே ஊரில் பிறந்தவர். போர்க்காலத்தில் ஒரு கிராமத்துப் பண்ணையில் கத்தோலிக்கக் குழந்தை என்று சொல்லி மறைத்து வளர்க்கப்பட்டுத் தப்பியவர். அவரை வளர்த்த பாட்டி தெரேசின்ஷ்டாட் முகாமில் இறந்தார். அவர் சொல்வது இதுதான்: பூட்ஸ் காலால் மிதிபட்டுச் செத்தவர்களின் பெயர்களை மறுபடியும் காலடியில் போடுவதா? அதன் மேல் மழைச் சேறும் நாய் மூத்திரமும் படுவதா?

காலில் புத்தகம் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இந்த ஆட்சேபம் விளக்கமே இல்லாமல் புரியும். டெம்னிக் தரப்பின் பதிலும் யோசிக்கத்தக்கது. தரையில் இருக்கும் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். அது வணங்குவதற்குச் சமம் என்கிறார்கள். கால் பட்டுப் பட்டுப் பித்தளை பளபளக்கும் என்றும் சொல்கிறார்கள். அந்த இரண்டாவது சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. மிதிப்பதை மெருகேற்றுவது என்று சொல்லிக்கொள்வதில் ஏதோ இடறுகிறது. யூத அமைப்புகளுக்குள்ளேயும் ஒரே கருத்து இல்லை. ஜெர்மன் யூதர்களின் மத்தியக் குழுவில் துணைத் தலைவராக இருந்த ஸலோமோன் கோர்ன் இக்கற்களை ஆதரித்தவர். மியூனிக்கிலேயே கல் வேண்டும் என்று கேட்ட குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின. 80,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனு வந்தது. நகர மன்றம் 2015இல் மறுபடி ஓட்டெடுத்துத் தடையை உறுதிசெய்தது.

ஆனால் அதோடு விட்டுவிடாமல் மாற்று வழி ஒன்றை மியூனிக் செய்தது. 2018 முதல் வீட்டுச் சுவரிலோ, வாசலருகே நிறுத்திய மெல்லிய தூணிலோ கண்மட்டத்தில் பொன்முலாம் பூசிய தகடு வைக்கிறார்கள். புகைப்படம் கிடைத்தால் அதையும் பொறிக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் வைக்கச் சம்மதிக்காவிட்டால் தெருவில் தூணாக நிற்கும். பெயரோடு முகமும் தெரிவது பெரிய விஷயம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இதற்கிடையே பதிக்க முடியாமல் போன கற்கள் மியூனிக்கின் தனியார் மனைகளில், வாசல் கோட்டுக்கு உள்பக்கமாக, பதிக்கப்பட்டு வருகின்றன. தரையா சுவரா என்பதை அந்தந்தக் குடும்பத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். தன் பாட்டியின் பெயர் காலடியில் வேண்டாம் என்று சொல்ல க்னோப்லோக்குக்கு முழு உரிமை உண்டு. தன் பெற்றோரின் பெயர் அவர்கள் நடந்த நடைபாதையிலேயே இருக்கட்டும் என்று கேட்ட பிள்ளைக்கும் அதே உரிமை இருந்திருக்க வேண்டும்.

வேறு வகை எதிர்ப்பும் இருக்கிறது, அதைப் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. 2012 நவம்பர் 9, யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட இரவின் நினைவுநாளில், கிரைஃப்ஸ்வால்ட் நகரில் இருந்த பதினொரு கற்களையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2018 டிசம்பரில் ரோம் நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் 20 கற்கள் திருடுபோயின. அதே ஆண்டு தென்ஜெர்மனியில் தீவிர வலதுசாரி சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், இந்தக் கற்கள் பதிப்பதை நிறுத்துங்கள் என்று ஸிங்கன் நகர மன்றத்துக்குக் கடிதமே எழுதினார். 2024 அக்டோபர் 7இல் ட்ஸைட்ஸ் என்ற சிறு நகரத்தில் இருந்த பத்துக் கற்களும் காணாமல் போயின. கிரைஃப்ஸ்வால்டிலும் ட்ஸைட்ஸிலும் உள்ளூர்க்காரர்கள் பணம் சேர்த்துப் புதுக் கற்களுக்குச் சொன்னார்கள், ட்ஸைட்ஸில் தேவைக்கு மேலேயே பணம் வந்தது.

பித்தளை கறுத்துப்போகும். அதனால் நவம்பர் 9 அன்றும், ஆஷ்விட்ஸ் விடுவிக்கப்பட்ட ஜனவரி 27 அன்றும், வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு தெருவாசிகள் மண்டியிட்டுத் துலக்குகிறார்கள். சட்டப்படி கல் நகராட்சிக்குச் சொந்தம். துலக்குவதற்கு நகராட்சி ஆள் வர மாட்டார். அந்தக் கட்டடத்தில் இருப்பவர் செய்தால்தான் உண்டு.

கல் ஒரு வழி. தெருவில் நினைவுகூர வேறு வழிகளும் இருக்கின்றன. பெர்லினின் ஷோனபெர்க் பகுதியில் பவேரியன் குவார்ட்டர் என்ற பேட்டை இருக்கிறது. ஐன்ஸ்டைன் குடியிருந்த இடம், யூதர்கள் நிறைய வாழ்ந்த நடுத்தர வர்க்கத் தெருக்கள். 1993இல் ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் அங்கே விளக்குக் கம்பங்களில் 80 சின்னப் பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் எளிய படம், மறுபக்கம் நாஜி ஆணையின் சுருக்கம். யூதர்கள் மாலை நான்கிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டுமே உணவுப்பொருள் வாங்கலாம். யூதர்கள் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது. பூங்காவில் மஞ்சள் பூசிய பெஞ்சில் மட்டும் உட்காரலாம். கொலைக்கு முன்னால் எத்தனை சின்னச் சின்ன ஆணைகள் வந்தன, ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்தார் எப்படிச் சகஜமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய நினைவுச் சின்னம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதே பேட்டையில் லோக்னிட்ஸ் தொடக்கப் பள்ளி இருக்கிறது. யூத ஆலயம் ஒன்று நின்ற இடம் அது. தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு செங்கல்லில் நாடுகடத்தப்பட்ட ஒருவரின் பெயரை எழுதிச் சுவராக அடுக்கி வருகிறார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது பிள்ளையின் விருப்பம். தன் பெயரே கொண்டவர், தன் பிறந்தநாளில் பிறந்தவர், தன் வீட்டிலேயே வாழ்ந்தவர் என்று தேடி எடுக்கிறார்கள். செங்கற்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

இத்தாலியில் மிலான் நகரின் முதல் கற்கள் 2017 ஜனவரியில் வந்தன. அவற்றில் ஒன்று, ஆஷ்விட்ஸிலிருந்து பதினான்கு வயதில் உயிர் பிழைத்த லிலியானா செக்ரேயின் தந்தைக்கானது. பிரிட்டனின் முதல் கல் 2022இல் லண்டனின் ஸோஹோ பகுதியில் பதிந்தது. ரஷ்யாவில் இதைப் பார்த்து 2014இல் 'கடைசி முகவரி' என்ற இயக்கம் பிறந்தது. ஸ்டாலின் காலத்தில் பிடித்துக்கொண்டு போய்ச் சுடப்பட்டவர்களின் வீட்டுச் சுவரில் அஞ்சலட்டை அளவு தகடு வைக்கும் இயக்கம் அது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கல்லில் இருக்கும் வாக்கியங்களில் செய்தவர் யாரும் இல்லை. கொண்டுபோகப்பட்டார், கொல்லப்பட்டார். யாரால்? அந்தப் படிவத்தில் எழுதிய நாற்காலியும் மெத்தை விரிப்பும் எங்கே போயின? ஏலத்துக்குப் போயின. ஹாம்பர்க் துறைமுகத்தில் தேங்கிய யூத அகதிகளின் பெட்டிகளும், ஹாலந்து யூதர்களின் வீடுகளைக் காலிசெய்து கப்பலில் கொண்டுவந்த சாமான்களும் 1941 முதல் போர் முடியும் வரை ஏலம் விடப்பட்டன. வரலாற்றாசிரியர் ஃப்ராங்க் பயோரின் கணிப்புப்படி ஹாம்பர்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் குறைந்தது ஒரு லட்சம் பேர் அதில் பொருள் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவிடுக்கில் பார்த்ததோடு நிற்கவில்லை. அவர் வீட்டு மேசையும் அங்கிருந்து வந்திருக்கலாம்.

இதைப் பேச வைத்ததும் பெரும்பாலும் குடிமக்கள்தான். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளில் சுமார் 70,000 யூத வீடுகளைத் துடைத்து எடுத்த சாமான்களை ஜெர்மனிக்கு ஏற்றிவந்ததில் பிரேமன் நகரத்தில் தொடங்கிய க்யூனே-நாகல் சரக்கு நிறுவனம் முக்கியப் பங்கு வகித்தது. பிரேமன் பத்திரிகையாளர் ஒருவரும் அவரோடு சேர்ந்த நகரவாசிகளும் 2015 முதல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலனாக, அந்த நிறுவனத்தின் கட்டடம் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே 2023 செப்டம்பரில் ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது.

ஹாம்பர்க்கில் கற்களுக்கான வாழ்க்கைக் குறிப்புகளை முன்னின்று தொகுத்த ரீட்டா பாக்கே 2016இல் இன்னொரு தரவுத்தளத்தையும் இணையத்தில் திறந்தார். இதில் இருப்பவர்கள் மறுபக்கத்தவர்கள்: கட்டாயக் கருத்தடைக்குக் கையெழுத்துப் போட்ட மருத்துவர்கள், நீதிபதிகள், காவல்துறையினர், அண்டைவீட்டாரைக் காட்டிக்கொடுத்தவர்கள், யூதர் கடையை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள். கற்கள் இருக்கும் ஊர்களில் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு பட்டியல் இன்னும் இல்லை. தொடங்குவது சிரமமும்கூட. கல்லில் பெயர் இருப்பவரின் பேத்தி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வர வேண்டும். இந்தப் பட்டியலில் பெயர் வரக்கூடியவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் வசிக்கிறார்கள்.